புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? ஆகும் நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, பேரையூர்ப் பக்கத்துச் சொந்தங்களே, வணக்கம். பெண் புலியை வேட்டைக்காரி ஆக்குவது பிறவிக் குணமா, தாயின் வளர்ப்பா என்பது தலைப்பு. நான் தாய் பக்கம். வேறு ஊர் மேடை என்றால் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போகலாம், ஆனால் 2021ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் ஒரு ஓரம் நம்ம சாப்டூர் மலையிலும் வருகிறது, அதனால் கொஞ்சம் பார்த்துத்தான் பேச வேண்டும்.

எதிரணி அக்கா, புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று கேட்டு ஒரு கைத்தட்டலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா, பழமொழிப்படி புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது. காட்டுப் புலி அவ்வப்போது புல்லையும் கடிக்கும். பழமொழியை நம்பிக் காட்டுக்குள் போகாதீர்கள்!

பிறக்கும்போது அது என்ன புலியா? ஒரு கிலோ சொச்சம் எடை, கண் திறக்கவே ஒரு வாரம் பத்து நாள் ஆகிறது. இரண்டு மாதம் வாக்கில்தான் தான் அடித்த இரைக்குத் தாய் கூட்டிப் போகிறாள். பாய்கிற ஆசை கூடவே பிறக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். அம்மா வாலை ஆட்டினால் குட்டி பாயும், கூடப்பிறந்தவளின் கழுத்தைக் கவ்வி உருளும். ஆனால் பாயத் தெரிவதும் கொல்லத் தெரிவதும் ஒன்றா? திமிலைப் பிடிக்கிற ஆசை அலங்காநல்லூரில் எந்தப் பையனுக்கு இல்லை? எந்தப் பக்கமிருந்து அணைய வேண்டும், எப்போது விட வேண்டும் என்று ஒரு அண்ணன் காட்டாமல் வாடிவாசல் முன்னால் போய் நிற்பானா?

மிளா மானை அடிப்பது அதைவிடக் கஷ்டம். சத்தமில்லாமல் கிட்டே போக வேண்டும், தொண்டையைக் கவ்வி மூச்சு நிற்கும் வரை விடக்கூடாது, அதே நேரத்தில் கொம்பும் குளம்பும் தன் மேல் படக்கூடாது. நிலைத்த கோரைப்பல்லே ஒரு வயதை ஒட்டித்தான் வருகிறது. அதுவரை சாப்பாடு போடுவது யார், பிறவிக் குணமா? 1960களில் மத்தியப் பிரதேசத்துக் கன்ஹா காட்டில் புலிகளை ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர், தாய் இரையைக் கீழே தள்ளிவிட்டு முடிக்கிற வேலையைக் குட்டிகளிடம் விட்டதையும், அதுகள் திணறியதையும் பார்த்து எழுதியிருக்கிறார். வளர்ந்த புலிக்கே இருபது முயற்சியில் ஒன்றுதான் பலிக்கிறது என்பதும் அவர் கணக்குதான். அப்படியென்றால் பத்தொன்பது தடவை வெறும் வயிற்றோடு திரும்புகிற மகளுக்கு, அம்மா அடித்த இரை ஒன்று பக்கத்தில் கிடக்க வேண்டாமா?

அம்மா இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வால்பாறைப் பக்கம் போனால் போதும். 2021ல் அங்கே ஒரு குட்டியை மீட்டார்கள், தனியாக, எலும்பும் தோலுமாக, முள்ளம்பன்றி முள் குத்திய காயத்தோடு. எதை அடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்ல ஆள் இல்லை. அது ஆண் குட்டியாயிற்றே என்று நடுவர் மணியைத் தொட வேண்டாம், முள் ஆண் பெண் பார்த்தா குத்துகிறது? வனத்துறை 10,000 சதுர அடியில் அடைப்புக் கட்டி அதற்கு வேட்டை பழக்க இறங்கியது. பிறவிக் குணம் போதுமென்றால் அந்த அடைப்பு எதற்கு?

தாய் காலம் முழுக்கக் கூடவே வருவாளா என்று அக்கா கேட்டார். வரமாட்டாள். ஒன்றரை, இரண்டு வயதில் பிரிந்தாக வேண்டும். அப்போதும் மகன் தூர தேசம் போகிறான், மகள் பெரும்பாலும் அம்மா எல்லையை ஒட்டியே தனக்கொரு காடு பிடிக்கிறாள். பெண்ணைப் பக்கத்துத் தெருவில் கட்டிக் கொடுத்த நம்ம ஊர் அம்மாக்களுக்கு இது புரியும்.

அப்புறம் அந்தப் பன்னா கதை, அதுவும் மத்தியப் பிரதேசத்துப் புலிக் காடுதான். தாயில்லாமல் கன்ஹாவில் மனிதர் வளர்த்த இரண்டு பெண் புலிகளை 2011ல் பன்னாவில் விட்டார்கள், அவை வேட்டையாடின, குட்டியும் போட்டன என்று அக்கா அடித்துச் சொன்னார். உண்மைதான். சரி, மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு நிமிடம். அடுத்து வருகிற எதிரணி அண்ணன், கன்ஹா அடைப்புக்குள் அந்தக் குட்டிகளுக்கு உயிருள்ள மானை விட்டுப் பழக்கியவர்களுக்கு என்ன பேர் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் பேச்சை ஆரம்பிக்கட்டும்.