தப்பாகக் காட்டினாலும் எங்க ஊர்தான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். “சினிமாவிலும் விளம்பரத்திலும் சொந்த ஊரைப் பார்க்கும்போது நமக்கு வருவது மகிழ்ச்சியா, எரிச்சலா?” என்பது தலைப்பு. மகிழ்ச்சியே என்ற அணியில் ஒரு மதுரைக்காரன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எதிரணித் தலைவருக்குத் தாங்கவில்லை. “தம்பி, உங்க ஊரைத்தான் இருக்கிறதிலேயே மோசமாக் காட்டுறாங்க. ரோஷமே கிடையாதா?” என்று மேடை ஏறும் முன்பே கேட்டுவிட்டார். இருக்கிறது ஐயா. அதைக் கையோடு கொண்டுவந்துதான் பேசுகிறேன்.

எனக்கு முன்னால் எதிரணியில் பேசிய சென்னை அக்கா என்ன சொன்னார்? தென் மாவட்டத்துக் கதாநாயகன் பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வருகிறான். வந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் பெட்டியோடு நிற்கிறான். “பாண்டியன் எக்ஸ்பிரஸிலோ நெல்லை எக்ஸ்பிரஸிலோ ஏறினவன் எழும்பூரில்தானே இறங்கணும்? சென்ட்ரலுக்கு எதுக்குப் போனான்?” என்று பொரிந்து தள்ளினார். அடுத்த ஷாட்டில் எல்.ஐ.சி. கட்டடம். 1959இல் திறந்த கட்டடம். அதற்குப் பிறகு சென்னையில் யாரும் செங்கல்லே எடுத்து வைக்கவில்லையா என்றும் கேட்டார். நியாயமான கேள்விகள். ஆனால் நடுவர் அவர்களே, அதைச் சொல்லும்போது அவர் முகத்தைக் கவனித்தீர்களா? என்ன ஒரு சிரிப்பு! எரிச்சல்படுகிறவர் முகமா அது? சென்ட்ரல் வேறு, எழும்பூர் வேறு என்று டைரக்டருக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்ட குஷி, மைக்கையும் தாண்டி வந்தது. இத்தனை பெரிய தியேட்டரில் படம் எடுத்தவனைவிட நமக்குக் கூடுதலாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு என்றால் அது நம் ஊர்தான். அவன் தப்பு செய்யச் செய்யத்தான் அது நமக்கே தெரியவருகிறது.

கோபுரத்தை ட்ரோனில் சுற்றிக் காட்டி, உறுமி மேளத்தை அடித்தால் அது மதுரை என்று யாருக்கும் தெரியும். அதைச் சொல்ல மதுரைக்காரன் வேண்டாம். எங்கள் வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. கதாநாயகன் துரத்திக்கொண்டு ஓடுவான்; நாங்கள் பின்னால் நிற்கிற ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டைப் பார்ப்போம். மதுரைக்கு டி.என். 58, 59, 64. அங்கே 63 நின்றால் சிவகங்கை மாவட்டம். சரி, காரைக்குடியில் எடுத்திருக்கிறான். 57 என்றால் திண்டுக்கல். வில்லன் மீனாட்சி கோயிலைச் சுற்றி இருக்கிற சித்திரை வீதிக்குள் ஜீப்பை விட்டுக்கொண்டு வந்தால் தியேட்டரில் ஒரு குரல் கேட்கும்: “அங்க வண்டியே விட மாட்டாங்கடா!” அவ்வளவுதான், அந்த வரிசையே சிரிக்கும். வில்லனுக்கு மரியாதை போச்சு. கொடுத்த டிக்கெட் காசு இந்த ஒரு இடத்திலேயே வசூலாகிவிட்டது.

திருமலை நாயக்கர் மகாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1636இல் கட்டியது, 248 தூண்கள். 1995இல் வந்த ‘பம்பாய்’ படத்தில் ‘கண்ணாளனே’ பாட்டு எடுத்தது இங்கேதான். கதைப்படி அது நெல்லைச் சீமையில் ஒரு கடலோரக் கிராமத்துக் கல்யாண வீடு. ஒரு கிராமத்துக் கல்யாணத்துக்கு இவ்வளவு பெரிய தூணா என்று ஊர் உலகத்தில் யாரும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும். ஸ்கூலில் இருந்து எங்களை வரிசையாகக் கூட்டிப்போய், நாலு பேராகக் கை கோத்துக் கட்டிப்பிடித்தும் முழுசாகச் சுற்ற முடியாத தூண் அது. ஊர் பேரே சொல்லாமல், வேறு ஊராக வேஷம் கட்டி நிற்கும்போதும் “ஏய், இது நம்ம மகாலு” என்று சொல்ல முடிகிறதே, அந்தச் சந்தோஷத்துக்கு எதிரணி என்ன பேர் வைக்கும்?

விளம்பரத்துக்கு வருகிறேன். விளம்பர இடைவேளையில் எல்லோரும் ரிமோட்டைத் தேடுவார்கள். என் அம்மா அப்போதுதான் கண்ணாடியைப் போடுவார். சோப்பு விளம்பரமோ ஊதுபத்தி விளம்பரமோ, ஒரு பெண் தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு திரும்புவாள். பின்னால் மங்கலாக ஒரு கோபுரம். அம்மா தீர்ப்புச் சொல்லிவிடுவார்: “கோபுரம் நம்மது. பூ நம்மது இல்ல. இதழைப் பாரு, காகிதம் கணக்கா இருக்கு. நம்ம பூவுக்கு இதழு தடிமனா, காம்பு நீளமா இருக்கும். இது பொழுது சாயறதுக்குள்ள வாடிரும்.” மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013இல்தான் கிடைத்தது. எங்கள் வீட்டில் அதற்கு ரொம்ப முன்பே அந்தச் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. கண்டுபிடித்த பிறகு அம்மா எரிச்சலாக இருப்பாரா? அடுத்த வீட்டு அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

இன்னொன்று. மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கிற புது மண்டபத்துக்குள் அந்தக் காலத்தில் போனவர்களுக்குத் தெரியும். சிற்பத் தூணுக்குத் தூண் ஒரு தையல் மெஷின் கடகடவென்று ஓடும். ஒரு பக்கம் கல்லிலே நாயக்க மன்னர், அவர் காலடியில் ஒருவர் ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருப்பார். அந்தக் கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’ போட்டுத் திறந்த தங்கம் தியேட்டர் இன்றைக்கு இல்லை. பழைய பெரியார் பஸ் ஸ்டாண்டு இல்லை. பழைய படம் ஒன்றில் யாரோ யாரையோ காதலித்துக்கொண்டு நடக்கும்போது, இதில் ஏதோ ஒன்று பின்னால் அரை நிமிடம் தெரிகிறது. எடுத்தவருக்கு அது வெறும் பின்னணி. என் அப்பாவுக்கு? அவர் காதலர்களைப் பார்க்கவே மாட்டார். “நிப்பாட்டு, கொஞ்சம் பின்னாடி போ” என்பார்.

சரி, அருவாளுக்கு வருவோம். எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர் இதை வைத்துத்தான் அதிகம் கைதட்டு வாங்கினார். நாலு சுமோ வரும், வெள்ளை வேட்டி இறங்கும், டீக்கடைக்காரர் ஷட்டரை இறக்குவார். இதைப் பார்த்துப் பார்த்து வெளியூர்க்காரர்கள் மதுரைக்குப் பெண் கொடுக்கவே பயப்படுகிறார்கள் என்றார். எனக்கும் கோபம்தான். ராத்திரி இரண்டு மணிக்கு இட்லி கிடைக்கும் ஊரில் எந்த டீக்கடைக்காரர் ஷட்டரை இறக்குவார்? ஆனால் நடுவர் அவர்களே, தலைப்பைப் பாருங்கள். “சொந்த ஊரைப் பார்க்கும்போது” என்று இருக்கிறது. அந்த நாலு சுமோவில் என் ஊர் எங்கே இருக்கிறது? ஊரைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போய்க் காட்டாமல் விட்டதால் வந்த கோபம் அது. பார்த்ததால் வந்தது இல்லை. அதைத் தூக்கி எங்கள் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்? 2008இல் வந்த ‘சுப்பிரமணியபுரம்’ 1980ஆம் வருஷத்து மதுரையில் நடக்கும் கதை. அதிலும் கத்தி உண்டு, ரத்தம் உண்டு. படம் விட்டு வெளியே வந்த எங்கள் தெருப் பெரியவர்கள் கத்தியைப் பற்றியா பேசினார்கள்? பெல்பாட்டம் பேண்ட்டைப் பற்றியும், தாங்கள் வைத்திருந்த கிருதாவைப் பற்றியும் பேசிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்கள்.

உள்ளூரில் இருப்பவருக்கு இது ஒரு விளையாட்டு. வெளியூர் போனவருக்கு அப்படி இல்லை. பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் தமிழ்ப் படம் பார்க்கப் போயிருந்தேன். மாட்டுத்தாவணி என்று எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பேரைப் போர்டில் போட்ட டவுன் பஸ் ஒன்று திரையில் குறுக்கே போனது, அவ்வளவுதான். நான் விசில் அடித்தேன். நாலு வரிசை தள்ளி இருட்டில் இன்னொரு விசில். இடைவேளையில் பாப்கார்ன் கவுண்டரில் அந்த ஆள் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். பேர் கேட்கவில்லை. “எந்த ஏரியா?” என்றார். “செல்லூர்.” “நான் ஜெய்ஹிந்துபுரம்ணே.” இரண்டாம் பாதியை நாங்கள் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

கட்டடமும் பஸ்ஸும்தான் ஊரா? மனுஷர்களும் ஊர்தானே! 2007இல் ‘சிவாஜி’ படத்தில் எங்கள் ஊர் சாலமன் பாப்பையா ஐயா வந்தபோது மதுரைத் தியேட்டரில் கேட்ட சத்தத்தைக் கேட்டிருந்தால் இந்தத் தலைப்பையே யாரும் பட்டிமன்றத்துக்கு வைத்திருக்க மாட்டார்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். இந்த நிகழ்ச்சியை டிவிக்காரர்கள் படம் பிடிக்கிறார்கள். கேமரா திரும்பும்போதெல்லாம் எதிரணித் தலைவர் துண்டைச் சரிசெய்வதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒளிபரப்பாகும் அன்றைக்கு அவர் தன் சொந்தக்காரர் யாருக்கும் போன் போட்டு “டிவியைப் போடு” என்று சொல்ல மாட்டேன் என்று இந்த மேடையில் சத்தியம் செய்யட்டும். செய்தால், தீர்ப்பை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்.