சுகர் டெஸ்ட்: விரல்ல குத்தினதுக்கு அப்புறம் என்ன?

[காட்சி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்துத் தெரு. காலை பதினோரு மணி. திண்ணையில ஒரு பெரியவர், எதிர்ல பையோட சுகாதாரத் தன்னார்வலர்.]

"பெரியப்பா, கையைக் காட்டுங்க. சுகர் பாத்துடலாம்."

"எனக்கு ஏதும்மா சுகர்? இன்னும் வயலுக்குப் போயிட்டு வர்றவன் நான்."

"பாத்தாதானே தெரியும்?"

[திரையில்: கருவியில 168.]

இப்ப இவருக்கு சர்க்கரை நோய் இருக்கா, இல்லையா? இந்த ஒரு நம்பரை வெச்சு யாராலயும் சொல்ல முடியாது. டாக்டராலயும் முடியாது.

முதல்ல இந்த அம்மா எங்கேருந்து வந்தாங்கன்னு பார்த்துடலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்க. அதுல வீடு வீடா வந்து பிரஷரும் சுகரும் பாக்குறாங்க. எந்நேரம் வந்தாலும், சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடலைன்னாலும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. 140-ஐத் தாண்டினா, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் முழுசா பாருங்கன்னு சொல்லிட்டுப் போவாங்க.

இது சல்லடை மாதிரிதான். யாரை மறுபடி பாக்கணும்னு பிரிச்சுக் குடுக்கும், அவ்வளவுதான் அதோட வேலை.

அந்த 168 எப்படி வேணாலும் வந்திருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி இட்லி சாப்பிட்டு, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபியும் குடிச்சிருப்பார். இல்ல, மாம்பழம் நறுக்கின கையைக் கழுவாம நீட்டியிருப்பார். விரல்ல ஒட்டியிருக்கிற பழச்சாறையும் சேர்த்துத்தான் மெஷின் கணக்குப் போடும்.

[காட்சி: விரல் நுனி, மிக அருகில்.]

கவனிச்சுப் பாருங்க. சோப்புப் போட்டுக் கழுவின கை, ஈரம் இல்லாமத் துடைச்சிருக்கு. விரலோட நடுவுல குத்தாம பக்கவாட்டுல குத்துறாங்க, அங்க வலி கம்மி. முதல் சொட்டைத் துடைச்சிட்டு ரெண்டாவது சொட்டை ஸ்ட்ரிப்ல வைக்கிறாங்க. ரத்தம் வரலைன்னு விரலைப் பிழியக் கூடாது. பிழிஞ்சா சதையில இருக்கிற நீரும் கலந்துடும். ஸ்ட்ரிப் டப்பாவோட மூடியையும் பாருங்க. ஐப்பசி, கார்த்திகையில நம்ம பக்கத்து ஈரக்காத்துல அது திறந்தே கிடந்தா ஸ்ட்ரிப் கெட்டுப்போகும். வீட்டுலயே மெஷின் வெச்சிருக்கிறவங்க இதைக் குறிச்சுக்கோங்க.

சரி, 168 வந்தாச்சு. அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆள் நழுவுறது இந்த இடத்துலதான். "குறுவை அறுப்பு முடியட்டும்." "பஸ்ஸு ஒண்ணுதான் வருது." எல்லாத்தையும் விட, "மாத்திரைன்னு ஆரம்பிச்சா விட முடியாதாமே." டெஸ்டுக்குப் போகலைன்னா மாத்திரை வேணாம்னு ஆயிடும், ஆனா உள்ள சுகர் அது பாட்டுக்கு ஏறிட்டே இருக்கும்.

போறவங்கள்லயும் சிலர் இன்னொரு வேலை பண்ணுவாங்க. "டெஸ்ட் இருக்கு"ன்னு மூணு நாள் முன்னாடியே சோத்தை நிறுத்திட்டு, இனிப்பைத் தொடாம, பத்தியம் இருந்துட்டுப் போவாங்க. பரீட்சைக்குப் போற மாதிரி! தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. குளுக்கோஸ் குடிச்சுப் பாக்குற டெஸ்டுக்கு முன்னாடி மூணு நாளும் வழக்கமா சாப்பிடுற சோறு, இட்லி எல்லாம் சாப்பிட்டிருக்கணும்ங்கிறதுதான் முறையே. அப்பதான் ரிசல்ட் சரியா இருக்கும்.

[திரையில்: வெறும் வயித்துல 126. குளுக்கோஸ் குடிச்சு 2 மணி நேரத்துல 200. எச்பிஏ1சி (மூணு மாச சராசரியைக் காட்டுற டெஸ்ட்) 6.5 சதவீதம்.]

ராத்திரி சாப்பிட்டு எட்டு மணி நேரமாவது பட்டினி. விடியக்காலைல டீக்கடைப் பக்கமும் போகக் கூடாது, தண்ணி மட்டும் குடிக்கலாம். வெறும் வயித்துல ஒரு தடவை ரத்தம் எடுப்பாங்க. அப்புறம் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில கரைச்சுக் குடுப்பாங்க, அஞ்சு நிமிஷத்துல குடிச்சிடணும். ரெண்டு மணி நேரம் பேசாம உக்காந்திருக்கணும், பீடி கூடாது, மார்க்கெட் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வர்றதும் கூடாது. அப்புறம் இன்னொரு தடவை ரத்தம். திரையில இருக்கிற அளவுகள்ல ஏதாவது ஒண்ணை எட்டினா, இல்ல தாண்டினா, அது சர்க்கரை நோய். தாகம், எடை குறையறது மாதிரி எதுவும் இல்லாதவங்களுக்கு இன்னொரு தடவை பாத்துட்டுத்தான் உறுதி சொல்வாங்க.

"வெறும் வயித்துல 105-தான், எனக்கு ஒண்ணுமில்ல"ன்னு கிளம்பிடாதீங்க. வயசானவங்கள்ல பல பேருக்கு வெறும் வயித்துல சரியாவே இருக்கும், சாப்பிட்டப்புறம்தான் எகிறும். அந்த ரெண்டு மணி நேரக் காத்திருப்பு அதுக்காகத்தான்.

எச்பிஏ1சி மூணு மாச சராசரியைக் காட்டும், பட்டினி வேணாம். ஒரு சிக்கல்: இரும்புச்சத்து குறைஞ்ச ரத்தசோகை இருந்தா அந்த நம்பர் கூடுதலா காட்டலாம். நம்ம பொம்பளைங்களுக்கு ரத்தசோகை சாதாரணம். அதனால ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாக்கச் சொல்லுங்க.

அந்தப் பெரியவர் சொன்னதுக்கு வருவோம். "வயல் வேலைக்காரனுக்கு ஏது சுகர்?" அந்தக் காலத்துல நாத்துப் பறிச்சு, நட்டு, அறுத்து, கட்டுச் சுமந்து கரையேறினவங்க பேசினா சரி. இன்னிக்கு நடவுக்கு ஒரு மெஷின், அறுப்புக்கு ஒரு மெஷின். வயலுக்குப் போறதுன்னா வரப்புல நின்னு தண்ணி பாத்துட்டு வண்டியில திரும்புறதுன்னு ஆயிடுச்சு. தட்டுல சோறு மட்டும் குறையல. 2023-ல வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப்ங்கிற நாடு தழுவின ஆய்வுல, சர்க்கரை நோய் இருக்கிறவங்க நாட்டு அளவுல 11.4 சதவீதம், தமிழ்நாட்டுல 14.4 சதவீதம்.

விரல்ல குத்தாமலே யாருக்கு ஆபத்துன்னு ஓரளவு கணிக்கலாம். சென்னையில உருவான ஒரு மதிப்பெண் முறை இருக்கு. ஊசி வேணாம், அளவு நாடா போதும். திருத்துறைப்பூண்டியில கடை வெச்சிருக்கிற 52 வயசு அக்கான்னு வெச்சுக்குவோம். 50 வயசைத் தாண்டினதால 30. இடுப்பு 88 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80-லேருந்து 89 வரைக்கும் 10. உக்காந்த வேலை, உடற்பயிற்சி கிடையாது, 30. அம்மாவுக்கு சுகர், 10. மொத்தம் 80. அறுபதை எட்டினாலே ஆபத்து அதிகம், உடனே ரத்தம் பாத்துடணும்.

நீடாமங்கலம் பக்கம் கோயில்வெண்ணி கரும்பேஸ்வரர் கோயில் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ரவையும் சர்க்கரையும் கலந்து எறும்புக்குப் போட்டு சுகர் குறையணும்னு வேண்டிக்குவாங்க. வேண்டிக்கோங்க, அதுல தப்பில்ல. ஆனா அங்க வர்றவங்களுக்குத் தனக்கு சுகர்னு ஏற்கெனவே தெரியும். நான் சொல்லிட்டிருக்கிறது, தெரியாமலே நடமாடிட்டிருக்கிறவங்களைப் பத்தி.

வயசானவங்களுக்குத் தாகமே சரியா தெரியாது. ராத்திரி நாலு தடவை எழுந்தா "வயசாச்சு"ன்னு விட்டுடுவோம். கால் விரலிடுக்குல புண் ஆறலைன்னா "சேத்துப் புண்"ணுன்னு மஞ்சளைப் பூசிட்டு மறுபடி சேத்துல இறங்குவோம். ஆறாத சேத்துப் புண்ணோட யாராவது வீட்டுல இருந்தா, சுகர் பாத்தாச்சான்னு முதல்ல கேளுங்க.

எதுவும் இல்லைன்னு வந்தாலும் 30 வயசுக்கு மேல வருஷம் ஒரு தடவை பாத்துக்கணும். நடுவுல, அதாவது ரெண்டு மணி நேர அளவு 140-லேருந்து 199-க்குள்ள வந்தா, அது எல்லைக்கோடு. நடையும் சாப்பாட்டு மாத்தமும் அங்கதான் அதிகமா வேலை செய்யும்.

பெரியவருக்குச் சுகர்னு உறுதியாச்சுன்னா வேலை அவரோட முடியல. அவரோட தம்பி பட்டுக்கோட்டையில, தங்கச்சி சீர்காழியில, பையன் திருப்பூர்ல இருக்கலாம். அவங்க எல்லாருக்கும் ஒரு போன் போட்டு, அவங்களையும் பாக்கச் சொல்லுங்க.