டோவர் வழக்கும் இரண்டாம் குரோமோசோமும்

அவையோருக்கு வணக்கம். பரிணாமமும் மதமும் மோதிய வழக்கு என்று கேள்விப்பட்டு, கடவுள் உண்டா இல்லையா என்று இந்த மேடையில் முடிவு கட்டிவிடுவேன் என யாராவது வந்திருந்தால் ஏமாந்து போவீர்கள். நான் பேச வந்தது ஒரு பள்ளியைப் பற்றி, அது படியேறிய நீதிமன்றத்தைப் பற்றி.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்ற சிறிய ஊர். 2004 அக்டோபரில் அந்த ஊரின் பள்ளிக் குழு ஒரு தீர்மானம் போட்டது. ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் தொடங்கும் முன் மாணவர்களுக்கு ஓர் அறிக்கை வாசிக்கப்பட வேண்டும். டார்வின் கோட்பாட்டில் இடைவெளிகள் இருக்கின்றன, அது உறுதியான உண்மை அல்ல, உயிர்களை ஏதோ ஓர் அறிவு திட்டமிட்டு வடிவமைத்தது என்ற வேறு விளக்கமும் உண்டு, அதற்கு ஒரு புத்தகம் இருக்கிறது, விருப்பம் உள்ளவர்கள் பார்க்கலாம். அவ்வளவுதான். அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்துவிட்டார்கள். அப்புறம் நிர்வாகிகளே வகுப்புக்குள் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். அதற்கு முன்பே, அரசுப் பள்ளியில் மதத்தைப் புகுத்துகிறார்கள் என்று பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்திருந்தார்கள்.

நாலு வரி அறிக்கைக்கு வழக்கா? இரண்டு பக்கத்தையும் சொன்னால் என்ன குறைந்துவிடும்? நல்ல கேள்விதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஈர்ப்பு விசைக்கு இப்படி ஓர் எச்சரிக்கை இல்லை, அணுக் கொள்கைக்கும் இல்லை. பரிணாமத்துக்கு மட்டும் ஏன்? அங்கேயே விஷயம் வெளியே வந்துவிடுகிறது.

2005 செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. பெற்றோர் தரப்பின் முதல் சாட்சி கென்னத் மில்லர், உயிரியல் பேராசிரியர். அந்தப் பள்ளியின் உயிரியல் பாடப் புத்தகத்தை எழுதியவர்களில் ஒருவர். அவர் நீதிபதி முன் வைத்த ஒரு சான்றை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உயிரணுவுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகள்தான் குரோமோசோம்கள். நமக்கு அவை 23 ஜோடி. சிம்பன்சிக்கு 24, கொரில்லாவுக்கு 24, ஒராங்குட்டானுக்கும் 24. நாம் எல்லோரும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்றால், நம்மிடம் ஒரு ஜோடி எங்கே போயிற்று? முழு ஜோடியும் தொலைந்திருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்கவே முடியாது. ஆக, மீதம் இருப்பது ஒரே வழி: இரண்டு ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும். சரி, ஒட்டியிருந்தால் தடயம் இருக்குமே. இரண்டு நோட்டுப் புத்தகங்களைச் சேர்த்துத் தைத்தால் நடுவில் அட்டை வரும் அல்லவா? குரோமோசோமின் அட்டை, டெலோமியர். இரு முனைகளிலும் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற டி.என்.ஏ. எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வரும் பகுதி அது. முனையில் இருக்க வேண்டியது நடுவில் கிடைக்க வேண்டும். கூடவே, ஒவ்வொரு குரோமோசோமிலும் சென்ட்ரோமியர் என்ற இறுகிய இடுப்புப் பகுதி ஒன்று உண்டு; இரண்டு ஒட்டியிருந்தால், செயலிழந்த இன்னொரு சென்ட்ரோமியரும் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பொது மூதாதை என்ற கருத்துக்கே சிக்கல்.

தேடினார்கள். நம் இரண்டாம் குரோமோசோமில் அத்தனையும் இருக்கிறது. நடுவே டெலோமியர் வரிசை ஓடிவந்து, ஒரு புள்ளியில் அப்படியே திசை மாறுகிறது. இரண்டு முனைகள் முட்டி ஒட்டிய இடம் அது. செத்துப்போன சென்ட்ரோமியரின் மிச்சமும் இருக்கிறது.

இதை நான் இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம், இதில் தோற்றுப்போக வாய்ப்பு இருந்தது. 'இது கிடைக்காவிட்டால் நான் தவறு' என்று சொல்லிவிட்டுத் தேடப் போவதுதான் அறிவியல். வடிவமைப்புக் கொள்கையால் அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை. பள்ளிக் குழுத் தரப்பின் முக்கிய சாட்சி மைக்கேல் பீஹி, உயிர்வேதியியல் பேராசிரியர். அறிவியல் கோட்பாடு என்றால் என்ன என்று தனக்கென்று ஒரு தளர்வான விளக்கம் வைத்திருந்தார். அப்படியானால் ஜோதிடமும் அதில் அடங்குமா என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். அடங்கும் என்று ஒப்புக்கொண்டார்! அறிக்கையில் சொன்ன அந்தப் புத்தகத்தின் பழைய கைப்பிரதிகளும் நீதிமன்றத்துக்கு வந்தன. 1987-ல், கடவுளே உயிர்களைப் படைத்தார் என்ற படைப்புவாதத்தைப் பள்ளியில் கற்பிக்கக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. கைப்பிரதிகளில் அந்தத் தீர்ப்புக்கு முன் படைப்பு என்று இருந்த இடங்களில் எல்லாம் அதற்குப் பின் வடிவமைப்பு என்று இருந்தது. பலகை மட்டும் மாறியது, கடை அதேதான்.

2005 டிசம்பர் 20-ல் நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பு எழுதினார். வடிவமைப்புக் கொள்கை அறிவியல் அல்ல, பள்ளிக் குழு செய்தது அரசியலமைப்புக்கு விரோதம். அவரை நியமித்தவர் பழமைவாதிகளின் ஆதரவு பெற்ற அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் என்பதைச் சிலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் மறக்கிறார்கள். மேற்சொன்ன மில்லர் தேவாலயத்துக்குப் போகும் கத்தோலிக்கர். பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996-லேயே போப் இரண்டாம் ஜான் பால் சொல்லிவிட்டார். ஆகவே இதைப் பக்திமான்களுக்கும் நாத்திகர்களுக்கும் நடந்த குஸ்தியாக யாராவது வர்ணித்தால் நம்பாதீர்கள். என் பக்கத்து ஆட்களுக்கும் ஒரு குட்டு வைக்கிறேன்: உயிரியல் வகுப்பை நாத்திகப் பிரசாரத்துக்கு மேடையாக்கும் ஆசிரியரும் அந்த அறிக்கையை வாசித்தவர்களின் வேலையைத்தான் செய்கிறார்.

"அப்போ கடவுள் இல்லையா சார்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், முகத்தைச் சுளிக்க வேண்டாம். "அதை நீயும் உன் வீட்டாரும் யோசியுங்கள். இங்கே நாம் பார்ப்பது, எதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை" என்று சொல்லலாம். தேர்விலும் நீ நம்புகிறாயா என்று கேட்கக் கூடாது, சான்றை விளக்கு என்றே கேட்க வேண்டும். நம்பாத பிள்ளையும் அதற்கு முழு மதிப்பெண் வாங்கலாம்.

தீர்ப்பு வந்ததும் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். தீர்ப்புக்கு முன்பே, 2005 நவம்பர் 8-ல், டோவர் மக்கள் தேர்தலில் நின்ற பழைய குழு உறுப்பினர்கள் எட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே நாளில் கான்சாஸ் மாநிலக் கல்வி வாரியம், பரிணாமத்தின் மீது சந்தேகம் கிளப்பும் புதிய பாடத் தரங்களை 6-க்கு 4 என்ற வாக்கில் நிறைவேற்றியது. அதை மாற்ற 2007 பிப்ரவரி வரை ஆயிற்று. அதற்கும் முதலில் வாரியத்தைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.