பரம்பரையில் இருக்கிறது என்று கைவிடாதீர்கள்

எல்லாருக்கும் வணக்கம். நான் மருத்துவர் இல்லை, உயிரியல் படிப்பிக்கிறவன். களுவாஞ்சிகுடிப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பேச்சுக் காதில் விழுகிறது: "அம்மாவுக்குச் சீனி, மாமாவுக்கும் சீனி, எனக்கும் வரத்தானே போகுது சேர்." சீனி என்கிற நீரிழிவு வருத்தத்தை விட அந்தப் பேச்சுக்குத்தான் எனக்குப் பயம்.

பரம்பரையும் சூழலும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. வயல் செய்கிறவர்களுக்கு இது விளங்கும். வாவிக்கரையில் உப்பேறிய வயலில் ஏ.டி 354 என்ற நெல்லைப் போட்டால் ஓரளவு தாங்கும், உப்புத் தாங்காத நெல்லைப் போட்டால் கருகிவிடும். அதே இரண்டு விதையையும் படுவான்கரையில் குளத்துத் தண்ணீர் பாயும் வயலில் போடுங்கள், இரண்டும் விளையும். இப்போது கருகிய பயிரைக் காட்டி, இதில் விதை எத்தனை வீதம், உப்பு எத்தனை வீதம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பங்கு பிரிக்க முடியாது.

மலேரியாக் காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்த பிரைமாகுவின் குளிசை அநேகருக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் ஜி6பிடி என்ற நொதியம் பிறவியிலேயே குறைந்தவருக்கு அதே குளிசை சிவப்பணுக்களை உடைத்துவிடும், சிறுநீர் கறுத்துப்போகும். அந்தக் குளிசையைத் தொடாமலே இருந்திருந்தால், தனக்குள் அப்படி ஒரு குறை இருப்பது தெரியாமலே அவர் கிழவராகியிருக்கலாம்.

சரி, சீனிக்கு வருவோம். அதற்கு ஒரே மரபணு என்று இல்லை, நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மாற்றங்கள். அவற்றில் கொஞ்சம் பலமானது டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவில் வரும் மாற்றம். அமெரிக்காவில், சீனி வருத்தத்தின் விளிம்பில் நின்ற மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. ஒரு குழுவுக்குக் கிழமைக்கு 150 நிமிட நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு, எடையில் 7 வீதம் குறைக்க வேண்டும் என்ற இலக்கு. அந்தக் குழுவில் சீனி வந்தது, மருந்தே இல்லாத வெறும் போலிக் குளிசை எடுத்தவர்களை விட 58 வீதம் குறைவு. அப்புறம் அதே ஆட்களின் மரபணுவையும் பார்த்து 2006இல் எழுதினார்கள். தாய், தகப்பன் இரண்டு பக்கமும் டிசிஎஃப்7எல்2இன் ஆபத்தான வடிவத்தைப் பெற்றவர்களுக்கு, போலிக் குளிசைக் குழுவில் சீனி வரும் வாய்ப்பு நன்றாகக் கூடியிருந்தது. நடந்த குழுவிலோ அந்த வித்தியாசம் அநேகமாக மறைந்துபோயிருந்தது. மரபணு அதே மரபணுதான்!

ஆகவே அம்மாவுக்குச் சீனி என்றால் மற்றவர்களுக்கு முந்தி நீங்கள் இரத்தம் பரிசோதித்துப் பாருங்கள். இன்னொன்று, சூழல் என்றால் சோறும் சீனியும் மட்டும் இல்லை. விடியற்காலையில் ஒரு பெண் நடக்கப் புறப்பட்டால், "இந்த வயதில் என்ன நடை?" என்று வேலிக்குள்ளிருந்து கேட்கிற குரலும் அதில்தான் சேரும்.