கையைத் திறக்காமல் மனம் நிறையுமா?

நடுவர் ஐயாவுக்கும், எதிரணியில் உட்கார்ந்து இப்போதே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் தம்பிக்கும், மதியம் கோயில் பண்டிகைப் பொது விருந்தில் அசனச் சோறு சாப்பிட்ட மயக்கத்திலும் எழுந்து போகாமல் இருக்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

போதுமென்ற மனம் வருவது எண்ணத்தை மாற்றியா, இருப்பதை விட்டுக்கொடுத்தா? இதுதான் தலைப்பு. தம்பி அழகாகப் பேசினார். பொருள் இருப்பது பாவமில்லை, அதன்மேல் உள்ள பற்றுதான் பாவம், அதனால் பொருள் வீட்டிலேயே இருக்கட்டும், பற்றை மட்டும் ஜெபத்தில் விட்டுவிடலாம் என்றார். கேட்க எவ்வளவு வசதியாக இருக்கிறது! நீச்சல் பழக வேண்டும், ஆனால் கிணற்றில் இறங்க மாட்டேன் என்கிற கதை.

சாட்சிக்கு ஆபிரகாமைக் கூட்டி வந்தார், பெரிய பணக்காரர், விசுவாசிகளின் தகப்பன் என்று. சரி, அவரிடமே கேட்போம். ஆதியாகமம் 13ஆம் அதிகாரத்தில் ஆடுமாடு பெருகிப்போய் அவருடைய மேய்ப்பருக்கும் லோத்தின் மேய்ப்பருக்கும் சண்டை வருகிறது. லோத்து அவருக்குச் சகோதரன் மகன், சின்னவன். நியாயப்படி நல்ல நிலத்தை முதலில் பார்த்து எடுக்க வேண்டியவர் பெரியவர்தானே? அவரோ, நீ இடதுபக்கம் போனால் நான் வலதுபக்கம் போகிறேன், நீயே பார்த்து எடுத்துக்கொள் என்கிறார். லோத்து தண்ணீர் வளம் உள்ள யோர்தான் சமபூமியை எடுத்துக்கொண்டான். இங்கே ஒரு முழ வரப்புக்காக இருபது வருடம் கோர்ட்டுக்கு நடக்கிறவர்கள் இருக்கிறோம் (யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்). தம்பி, நீங்கள் கூட்டி வந்த சாட்சி எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்.

எல்லாவற்றையும் இழந்த யோபுவுக்கு இரட்டிப்பாகக் கிடைத்ததே என்றும் கேட்டார். கிடைத்தது 42ஆம் அதிகாரத்தில். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று அவர் சொன்னது முதல் அதிகாரத்தில். இரண்டுக்கும் நடுவே அவர் கையில் இருந்தது புண்ணைச் சுரண்ட ஒரு ஓடு.

இப்போது அப்போஸ்தலர் பவுலுக்கு வருகிறேன். எந்த நிலைமையிலும் "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று பிலிப்பியருக்கு, அதாவது பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு, எழுதுகிறார். இந்த வசனத்தைக் காலண்டரில் பார்த்துப் பார்த்து நமக்குக் "கற்றுக்கொண்டேன்" என்ற சொல் கண்ணிலேயே படுவதில்லை. பிறவியிலேயே இருந்தது என்று சொல்லவில்லை, ஒருநாள் கூட்டத்தில் கை வைத்து ஜெபித்தபோது வந்தது என்றும் சொல்லவில்லை. அதற்கு முந்தின அதிகாரத்தைப் புரட்டுங்கள்: பென்யமீன் கோத்திரம், பரிசேயன், நியாயப்பிரமாணத்தில் குற்றமில்லாதவன் என்று தன் பெருமையெல்லாம் வரிசையாகச் சொல்லி, அத்தனையையும் நஷ்டமென்று விட்டேன், குப்பை என்கிறார். விட்ட பிறகுதான் நிறைவைப் பற்றிப் பேச்சே எடுக்கிறார். அதுவும் காவலில் இருந்துகொண்டு, எப்பாப்பிரோதீத்து கையில் பிலிப்பியர் கொடுத்தனுப்பிய உதவிக்கு நன்றி எழுதுகிற இடத்தில்.

அதெல்லாம் வேதாகமக் காலம், இன்றைக்குச் சம்பளம் வாங்குகிறவனுக்குச் சரிப்படுமா என்று கேட்பீர்கள். ஜான் வெஸ்லி, மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர், 1791இல் இறந்தவர். ஆக்ஸ்போர்டில் இருந்த ஒரு இளைஞனைப் பற்றித் தன் பிரசங்கம் ஒன்றில் சொல்கிறார். அது அவரேதான் என்பார்கள். முதல் வருடம் வருமானம் 30 பவுண்டு, 28இல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தான். அடுத்த வருடம் 60 வந்தது, அப்போதும் 28தான், 32ஐக் கொடுத்தான். பிறகு 90, அப்புறம் 120. நான்காம் வருடம் ஏழைகளுக்குப் போனது 92 பவுண்டு, அவன் செலவு அதே 28. நமக்கோ இன்கிரிமென்ட் வரும் முன்பே அதற்கான இஎம்ஐ வந்து வாசலில் நிற்கிறது.

எங்கள் வீட்டில் அம்மா உலைக்கு அரிசி களைவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பேராயராக 1912இல் அபிஷேகம் பெற்ற நம் திருநெல்வேலிச் சீமைக்காரர் அசரியா, அங்கே பெண்களிடம் வளர்த்த பழக்கம் இது. மிசோரமில் 1910இலிருந்து பெண்கள் இப்படி எடுத்து வைக்கும் அரிசியை விற்றுச் சபை ஊழியத்தை நடத்துகிறார்கள். மாதக் கடைசியில் எங்கள் அரிசிப் பானையின் அடி தெரியும். அந்த நாளிலும் அம்மா கையை விடுவார்கள், பிடி சின்னதாகும், அவ்வளவுதான். எனக்கு எட்டு வயது, அந்தப் பானையைப் பார்த்தாலே ஆத்திரம் வரும். ராத்திரி கஞ்சியில் சோற்றைத் தேட வேண்டியிருக்கும்போது கோயிலுக்கு எதற்கு அரிசி? அம்மா பதில் சொல்ல மாட்டார்கள். ஆனால் எங்கள் தெருவில் அடுத்த வீட்டு நகையைப் பற்றிப் பேசாமல் தூங்கப் போன ஒரே ஆள் அவர்கள்தான்.

அம்மா முழுத் துறவி ஒன்றுமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் போன பிறகு பீரோவைத் திறந்தால் பழைய புடவையில் சுற்றி, பேப்பர்கூடப் பிரிக்காத எவர்சில்வர் பாத்திரங்கள், எல்லாவற்றிலும் பெயர் வெட்டி, தேதி போட்டு. நாங்கள் மூன்று பெண்கள். ஒரு தூக்குவாளிக்காக நானும் என் அக்காவும் எட்டு மாதம் பேசவில்லை. அப்போதும் இரண்டு பேரும் தினமும் வேதம் வாசித்தோம், ஜெபித்தோம், தம்பி சொல்கிற மாதிரியே பற்றை மனதில் விட்டுக்கொண்டிருந்தோம். தூக்குவாளி மட்டும் என் அலமாரியில் இருந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், ஐயா, முடித்துக்கொள்கிறேன். அந்தத் தூக்குவாளியைத்தான் இன்று காலை பண்டிகை ஏலத்துக்குக் கொண்டு வந்தேன். அக்காவிடம் போனில் கேட்டுவிட்டுத்தான். ஏலம் கூறும்போது என்னை அறியாமல் நானே இரண்டு தடவை விலை கேட்டுவிட்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடைசியில் 1,800 ரூபாய்க்கு எடுத்தது யார் தெரியுமா? எதிரணித் தம்பி. அசனச் சாம்பாரை அதிலேயே வாங்கி வைத்திருக்கிறார், மேடைக்கு அடியில் இருக்கிறது. மூடியைக் காணவில்லை என்று மத்தியானத்திலிருந்து தேடுகிறாராம். தம்பி, அது என் கைப்பைக்குள் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.