தெத்துப்பல்லும் பழைய வடிவத்தை மறக்காத கம்பியும்

வணக்கம். இன்றைய காணொளி முழுவதும் என் வாயைத்தான் காட்டப்போகிறேன், ஆகவே சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பவர்கள் முதலில் சாப்பாட்டை முடித்துவிட்டு வருவது நல்லது. எனக்கு வயது 41. பல்லுக்குக் கம்பி போட்டுப் 11 மாதங்கள் ஆகின்றன. கையில் இருக்கும் இந்தப் படம் முதல் நாள் எடுத்தது. மேல்வரிசையின் வலப்பக்கக் கோரைப்பல், இடம் கிடைக்காமல் மாடிப்படியில் நிற்பவரைப் போல ஈற்றின் மேல் ஏறி நிற்பதைப் பாருங்கள். இப்போது கேமராவுக்கு அருகில் வருகிறேன்; அதே பல் மற்றவற்றோடு ஏறக்குறைய ஒரே வரிசைக்கு இறங்கிவிட்டது.

இந்த வயதில் எலும்பு இறுகிப்போயிருக்காதா என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. பல்லைச் சுவரில் அறைந்த ஆணியாக நினைத்துக்கொள்வதால்தான் அந்தச் சந்தேகம் வருகிறது. உண்மையில் பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் நார்களால் ஆன ஒரு மெல்லிய திசு இருக்கிறது. பல் அந்த நார்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம். ஒரு பக்கமாகத் தொடர்ந்து மெல்ல அழுத்தினால், திசு நசுங்கும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து சேர்கின்றன. இழுபடும் பக்கத்தில் புது எலும்பைக் கட்டும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. இந்தச் செல்கள் வாழ்நாள் முழுவதும் நம் எலும்பில் இருப்பவை. பெரியவர்களுக்கு அவை விழித்துக்கொள்ளச் சற்று அதிக நாளாகும், அவ்வளவுதான். பல் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே அது நல்ல வேகம்.

இதற்கு என் வாயிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. கீழே இடப்பக்கம் இருக்கும் இந்தக் கடைவாய்ப்பல் சில ஆண்டுகளுக்கு முன் வைத்த இம்பிளான்ட், அதாவது எலும்புக்குள் உலோக வேரைப் பதித்து அதன்மேல் பொருத்திய செயற்கைப் பல். அதன் உலோகம் எலும்போடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது. நடுவில் அந்த நார்த்திசு கிடையாது. அதனால் எத்தனை மாதம் இழுத்தாலும் அது அசையாது என்பதால், மருத்துவர் அதையே நங்கூரமாக வைத்து மற்ற பற்களை இழுத்தார்.

இனி, மேடு பள்ளமாக நிற்கும் பற்கள் எப்படிச் சமமட்டத்துக்கு வருகின்றன என்பதைப் பார்ப்போம். கம்பியைத் தாங்க ஒவ்வொரு பல்லிலும் ஒட்டப்பட்டிருக்கும் சிறு துண்டுதான் பிராக்கெட்; அதன் நடுவே கம்பி உட்காரும் பள்ளமாக ஒரு காடி உண்டு. பல்லின் கடிமுனையிலிருந்து எவ்வளவு உயரத்தில் அந்தக் காடி அமைய வேண்டும் என்பதை அளந்துதான் ஒட்டுகிறார்கள். அது அரை மில்லிமீட்டர் தவறினாலும் பல் அதே அளவு மேலேயோ கீழேயோ போய் நிற்கும். எல்லாக் காடிகளும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிட்டால் பற்களும் மட்டமாகிவிடும். மருத்துவரின் கைத்திறன் பெரும்பாலும் அந்த ஒட்டும் நாளிலேயே தெரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் மாட்டுவது நிக்கல், டைட்டானியம் கலந்த மெல்லிய உருண்டைக் கம்பி; எனக்குப் போட்டது 0.014 அங்குலத் தடிமன். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் உருவான இந்த உலோகக் கலவையை, 1970களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் என்ற பல் மருத்துவர் பற்களுக்குக் கொண்டுவந்தார். எப்படி வளைத்துக் கட்டினாலும் தன் பழைய வில்வடிவத்துக்கே திரும்பப் பார்ப்பது இதன் இயல்பு. உயரத்தில் இருந்த கோரைப்பல்லில் கட்டியபோது கம்பி அங்கே கூரைபோல் மேலேறியது. அது நிமிர நிமிரப் பல் கீழே வருகிறது. எனக்குப் போட்டது வெப்பத்துக்கு ஏற்ப இறுகும் வகை என்பதால், குளிர்ந்த நீரைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தால் கம்பி தளர்ந்து வலி குறைவதை நன்றாக உணர முடிகிறது.

ஆனால் ஒரு பல்லைக் கீழே தள்ளும் கம்பி பக்கத்துப் பற்களை மேலே தூக்காமல் விடாது. நியூட்டனின் மூன்றாம் விதி வாய்க்குள்ளும் செல்லும். மூன்றாவது வாரத்தில் கண்ணாடியில் பார்த்தபோது, கோரைப்பல்லுக்கு அடுத்த வெட்டுப்பல் ஒழுங்காக நின்ற இடத்திலிருந்து மேலேறி, கடிக்கும்போது கீழ்ப்பல்லைத் தொடாமல் நின்றது. பதறிப்போய் மருத்துவரிடம் ஓடினேன். அவர் மற்ற பற்களை எல்லாம் தடித்த எஃகுக் கம்பியால் ஒன்றாகப் பிணைத்து, அதன்மேல் ஒரு மெல்லிய கம்பியைக் கோரைப்பல்லுக்கு மட்டும் ஏற்றிக் கட்டினார். அதன்பிறகு சுமை பல பற்களுக்குப் பகிர்ந்துபோக, வெட்டுப்பல்லும் மெல்லத் தன் இடத்துக்குத் திரும்பியது.

இதற்கெல்லாம் முன்பு இடம் வேண்டும். மேல்வரிசையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முன்கடைவாய்ப்பல்லை எடுத்ததில் பக்கத்துக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் கிடைத்தது. கீழே நெருக்கம் குறைவு என்பதால், பற்கள் ஒன்றையொன்று தொடும் பக்கங்களில் மெல்லிய உரசுபட்டையால் எனாமலை இழையளவு தேய்த்ததே போதுமாயிற்று.

வேகமாக முடிய வேண்டும் என்ற ஆசையில் "இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், டாக்டர்" என்று நானும் ஒருமுறை கேட்டேன். அழுத்தம் அளவுக்கு மீறினால் அந்த நார்த்திசுவில் இரத்த ஓட்டம் நின்று, அங்குள்ள செல்கள் செத்து, அந்த இடம் சுத்தமாகும்வரை பல் வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும் என்றார். வேரின் நுனி கரையும் ஆபத்தும் கூடுமாம். கம்பி மாற்றிய சில மணி நேரத்தில் தொடங்கும் வலி மறுநாள் உச்சத்தை அடைந்து, ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடுகிறது. அதைத் தாண்டியும் குறையாத வலி இருந்தால் போய்க் காட்டிவிடுங்கள்.

பெரியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஈற்றை. ஈற்று நோயால் எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதே கம்பி போட்டால் கரைவது இன்னும் விரைவாகும். நோயைக் கட்டுப்படுத்திய பிறகுதான் தொடங்க வேண்டும். பல் நேரானதும் ஈற்றோரத்தில் கருநிற முக்கோண இடைவெளிகள் தெரியக்கூடும் என்பதையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு இரண்டு தெரிகின்றன, இதோ இங்கே.

அடுத்த வாரம், குறுக்குவெட்டில் உருண்டையாக இல்லாமல் செவ்வகமாக இருக்கும் கம்பி ஏறுகிறது. உருண்டைக் கம்பி காடிக்குள் சுழன்றுவிடும் என்பதால் பல்லின் தலையைத்தான் நேராக்கும். செவ்வகக் கம்பி காடியைப் பிடித்துக்கொள்வதால் வேரையும் திருப்பும். அதற்கும் பிறகு ரிடெய்னர், அதாவது நேரான பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் சாதனம். என் அக்கா 16 வயதில் கம்பி போட்டு முடித்துவிட்டு, ரிடெய்னரை ஆறே மாதத்தில் தூக்கிப் போட்டார். ஈற்றின் நார்கள் புது இடத்துக்குப் பழக ஓராண்டு வரை ஆகும். அதற்குப் பிறகும் பற்கள் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அவருடைய கீழ்வரிசை இன்று மீண்டும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்த்த பிறகுதான், என் கீழ்ப்பற்களின் உட்புறத்தில் ஒரு மெல்லிய கம்பியை நிரந்தரமாக ஒட்டிவிடச் சொல்லியிருக்கிறேன்.