ரத்தம் தந்தவருக்கு மரியாதை

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான நாள். இந்திய ரத்தமாற்று மருத்துவத்தின் முன்னோடி டாக்டர் ஜே.ஜி. ஜாலியின் பிறந்தநாளான அதை 1975 முதல் கடைப்பிடித்து வருகிறோம். ஜூன் 14 உலக ரத்தக் கொடையாளர் நாள். அது ஏ, பி, ஓ என ரத்தப் பிரிவுகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னரின் பிறந்தநாள். இந்த இரண்டு தேதிகளை ஒட்டித்தான் நம் ஊர்களில் ரத்தக் கொடையாளர்களுக்கும் முகாம் நடத்தும் தொண்டர்களுக்கும் பாராட்டு விழா எடுக்கிறோம். பொன்னாடை, கேடயம், சான்றிதழ், கடைசியில் எல்லோரும் நின்று ஒரு படம். நல்ல வழக்கம். விடாமல் தொடர வேண்டிய வழக்கம். ஆனால் கவனக்குறைவாக நடத்தினால், யாரைப் பாராட்ட அழைத்தோமோ அவரே மேடையருகில் மயங்கி விழுவதும், அவர் தந்த ரத்தம் கெட்டுப்போவதும் நடந்துவிடுகிறது. கொடுத்தவர் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும், கொடுத்தது ஒரு நோயாளிக்குப் போய்ச்சேர வேண்டும். இந்த இரண்டுக்கும் இடைஞ்சலில்லாமல் பாராட்டுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் பரிசுப் பொருள். ரத்தத்தைக் காசுக்குக் கொடுப்பது நம் நாட்டில் 1998 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் விளைவு அது. காசை எதிர்பார்த்து வருபவர் தன் உடம்பில் இருக்கும் கோளாறை மறைப்பார் என்பதுதான் காரணம். ரத்த வங்கியில் ஒவ்வொரு பையையும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்துக்கும் சோதிக்கிறார்கள். இருந்தாலும், கிருமி தொற்றிய தொடக்க நாட்களில் எந்தச் சோதனையிலும் அது பிடிபடாமல் போகலாம். அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பாற்றுவது, படிவத்தில் கொடையாளர் எழுதும் உண்மையான பதில் ஒன்றுதான். 'ரத்தம் கொடுப்பவர்களுக்கு ஹாட்பாக்ஸ் இலவசம்' என்று சுவரொட்டி ஒட்டினால், போன மாதம் பச்சை குத்திக்கொண்டவர் அதைச் சொல்லத் தயங்குவார். பச்சை குத்தினால் 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே உள்ளூர்க் கடைக்காரர் தலைக்கவசமோ சுவர்க் கடிகாரமோ தர முன்வந்தால், நன்றி சொல்லிவிட்டு வேறொன்றைக் கேளுங்கள். பழச்சாறு, பிஸ்கட், குடிநீர், மண்டப வாடகை, ஜெனரேட்டருக்கு டீசல், தொலைவிலிருந்து வருபவருக்குப் பேருந்துக் கட்டணம் எல்லாம் தாராளமாக ஏற்கலாம். சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ், சான்றிதழ் போன்ற அடையாளப் பொருட்களிலும் தவறில்லை.

பல ஊர்களில் விழாவையும் முகாமையும் ஒரே காலையில் வைத்துவிடுகிறார்கள். அதிகமாகத் தவறு நடப்பது அங்கேதான். அழைப்பிதழில் 9 மணி என்றிருக்கும். சிறப்பு விருந்தினர் வந்து குத்துவிளக்கு ஏற்றும்போது பதினொன்றேகால் ஆகியிருக்கும். ஏழு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்த கல்லூரிப் பையன் அதுவரை பந்தலில் உட்கார்ந்திருப்பான். வியர்த்து, தண்ணீர் குடிக்காமல், வயிறு காய்ந்த நிலையில் கட்டிலில் போய்ப் படுப்பான். மயக்கத்துக்கு இதைவிட வேறு ஏற்பாடு தேவையில்லை. கொடுப்பதற்கு முந்தைய நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருக்க வேண்டும், கொடுக்கும் முன் அரை லிட்டர் தண்ணீராவது குடித்திருக்க வேண்டும். விருந்தினர் எப்போது வந்தாலும் வரட்டும், முதல் கொடையாளரைச் சொன்ன நேரத்தில் கட்டிலில் படுக்க வையுங்கள்.

அடுத்தது படம் எடுப்பது. 45 கிலோவுக்கு மேல் எடை உள்ளவரிடம் 350 மில்லி எடுப்பார்கள், 55 கிலோவைத் தாண்டியவரிடம் 450 மில்லி எடுக்கலாம். 350 மில்லிப் பையில் ரத்தம் உறையாமல் இருக்க 49 மில்லி திரவம் முன்பே ஊற்றப்பட்டிருக்கும். அளவு அதற்கு ஏற்றபடிதான் சேர வேண்டும். ரத்தம் இறங்கிக்கொண்டிருக்கும்போது கையிலுள்ள பந்தை அமுக்கி அமுக்கி விட வேண்டும். அந்த நேரம் பார்த்து விருந்தினர் கைகுலுக்க வருவார், கேமராக்காரர் "சார், இங்க பாருங்க" என்பார், கை நின்றுவிடும். ஓட்டம் மெதுவாகும், ஊசியில் சிறு கட்டி விழும். பை நிரம்பப் பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் அதிலிருந்து ரத்தக்கசிவை நிறுத்தும் தட்டணுவோ (பிளேட்லெட்), ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவோ பிரிக்க உதவாது. அளவு ரொம்பக் குறைந்துபோனால் பையையே ஒதுக்க வேண்டிவரும். படம் வேண்டுமென்றால் எடுத்து முடித்து, சிற்றுண்டி மேசையில் உட்கார்ந்திருக்கும்போது எடுங்கள்.

சான்றிதழையும் அந்த மேசைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். மயக்கம் கட்டிலில் வருவதைவிட, எழுந்து நடக்கும்போதும் வரிசையில் நிற்கும்போதும் வருவதுதான் ஆபத்து. விழும் வேகத்தில் தலை அடிபடும். பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வைத்து, ஏதாவது குடிக்க வைத்த பிறகே அனுப்ப வேண்டும். அந்த மேசைக்கு ஒரு தொண்டரை நிறுத்துங்கள். கொட்டாவி விடுவது, நெற்றி வியர்ப்பது, உதடு வெளுப்பது, குமட்டுகிறது என்று சொல்வது இவையெல்லாம் முன்னறிகுறி. கண்டவுடன் அங்கேயே மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்திப் பிடித்தால், பெரும்பாலும் சில நிமிடத்தில் தெளிந்துவிடுவார். சுற்றி நின்று காற்றை மறைக்கும் கூட்டத்தை விலக்குவது அந்தத் தொண்டரின் வேலை. மேடையில் மாலை பெற வேண்டியவர்களில் முதல் ஆள் அவர் என்பது என் கருத்து.

பையை ரத்த வங்கிக்கு அனுப்புவதற்கும் கெடு உண்டு. தட்டணு பிரிக்க வேண்டுமானால் எடுத்த ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். அதுவரை 20 முதல் 24 டிகிரி வெப்பநிலையில் இருக்க வேண்டும். குளிர்ச்சியாக இருந்தால் நல்லதென்று நினைத்து ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டால் தட்டணு போயிற்று. டெங்கு பரவும் மழைக்காலத்தில் அந்த ஒரு பை எவ்வளவு பெரியது என்பது மருத்துவமனை வாசலில் காத்து நிற்பவர்களுக்குத் தெரியும். "நன்றியுரை முடியட்டும்" என்று வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள்.

தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள், விழா நாள் என்று ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோரிடம் ரத்தம் எடுப்பதும் மரியாதை ஆகாது. சாதாரணப் பையில் சிவப்பணு 35 நாள்தான் தாங்கும். தட்டணுவுக்கு ஐந்தே நாள். ஒரு ரத்த வங்கி நாளொன்றுக்கு 6 யூனிட் வழங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 35 நாளில் அதனால் 210 யூனிட்தான் கொடுக்க முடியும். ஒரே நாளில் 300 வந்து குவிந்தால், மீதி 90 பேர் கொடுத்தது காலாவதியாகிவிடும். அந்த 90 பேரும் இன்னும் மூன்று மாதத்துக்குக் கொடுக்கவும் முடியாது. கல்லூரிகள் மூடிக்கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் முகாம்கள் குறையும், தட்டுப்பாடு வரும். பாராட்டு விழாவை ஏப்ரல் தொடக்கத்தில் வைத்து, வந்தவர்களிடம் அடுத்த எட்டு வாரத்துக்கு ஆளுக்கொரு தேதி எழுதி வாங்கிக்கொண்டால் அந்தக் கோடை தாண்டிவிடும்.

சான்றிதழ் அச்சிடும் இடத்தில் ஓர் எச்சரிக்கை. முகாமில் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் ரத்தப் பிரிவு முதற்கட்டச் சோதனை மட்டுமே. ஆய்வகத்தில் சிவப்பணுவையும், ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரான சீரத்தையும் தனித்தனியே சோதித்து உறுதி செய்கிறார்கள். முகாமிலேயே பிரிவை எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னால் அது தவறென்று தெரிந்தால், அந்தத் தாளை நம்பி அவர் ஓட்டுநர் உரிமத்தில்கூட மாற்றிப் பதிந்திருப்பார். மூன்று நாள் கழித்துக் கொடுத்தாலும் சரியாகக் கொடுங்கள். பெயரையும் இனிஷியலையும் அவரே எழுதிய படிவத்தைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். தப்பான பெயருள்ள கேடயத்தை யாரும் வீட்டில் வைத்துப் பார்ப்பதில்லை.

'நூறு முறை கொடுத்தவர்' என்று எண்ணிக்கையை வைத்துப் பாராட்டுவதில் ஒரு நியாயக் குறை இருக்கிறது. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும்தான் கொடுக்கலாம். ஒரு தவணை தவறாமல் கொடுத்தாலும் நூறைத் தொட ஆணுக்கு இருபத்து நாலரை ஆண்டு ஆகும், பெண்ணுக்கு முப்பத்திரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். கர்ப்பம், பிரசவம், பாலூட்டும் காலம் இதில் சேரவில்லை. பெண்களுக்கு 75-ஐ நூறுக்கு இணையாக வையுங்கள். இன்னொரு தீங்கும் உண்டு. எண்ணிக்கையைக் கூட்டும் ஆசையில் சிலர் 90 நாள் முடியும் முன்பே வேறொரு ரத்த வங்கிக்குப் போய்க் கொடுக்கிறார்கள். 450 மில்லி ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்புச்சத்து போய்விடும். அது திரும்ப மாதங்கள் ஆகும். ஐந்து முறை கொடுத்தவரையும் அழைத்துப் பாராட்டுங்கள். அவரை ஆறாவது முறை வரவழைப்பதுதான் ரத்த வங்கிக்குத் தேவை.

திருப்பி அனுப்பப்பட்டவர்களை யாருமே நினைப்பதில்லை. நூறு மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இல்லையென்றால் ரத்தம் எடுக்கக்கூடாது. நம் ஊரில் ஆர்வத்தோடு வரும் பெண்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். "உங்களுக்கு ரத்தமே ஒன்பதுதாம்மா, நீங்க எங்க கொடுக்கிறது" என்று கூடத்தில் நாலு பேர் காதில் விழச் சொன்னால், அவர் மறுபடி வரமாட்டார். தனியே உட்கார வைத்து, அளவைத் தாளில் எழுதிக் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கும் வழியைச் சொல்லி, பழச்சாறும் கொடுத்து அனுப்புங்கள். வேறு காரணத்துக்காகத் திருப்பப்படுபவர்களும் உண்டு, அந்தக் காரணம் மருத்துவரோடு நிற்கட்டும். கொடுக்க வந்த எல்லோர் பெயரும் வருகைப் பதிவேட்டில் இருக்கட்டும், நன்றிக் கடிதம் எல்லோருக்கும் போகட்டும்.

இனி, தொலைபேசி பிடிக்கும் தொண்டர். இரவு இரண்டு மணிக்கு ஓ நெகட்டிவ் கேட்டு அழைப்பு வந்தால் எடுப்பவர் அவர். நோயாளியின் பெயர், மருத்துவமனை, வார்டு, என்ன பிரிவு, எத்தனை யூனிட், முழு ரத்தமா தட்டணுவா, உடனிருப்பவர் எண் என எல்லாம் எழுதி வாங்கி, அந்த மருத்துவமனை ரத்த வங்கியில் உண்மைதானா என்று விசாரித்த பிறகுதான் கொடையாளரை எழுப்புவார். வேலை முடிந்ததும் குழுவில் 'தேவை நிறைவேறியது' என்று தேதியோடு போடுவதும் அவரே. இதைப் போடாமல் விட்டால், பழைய வேண்டுகோள் வாட்ஸ்அப்பில் மாதக் கணக்கில் சுற்றும். நோயாளி இறந்துபோன வீட்டுக்கும் போன் போய்க்கொண்டே இருக்கும். இவருக்குப் பொன்னாடையோடு சேர்த்து இன்னொருவரையும் துணைக்குக் கொடுங்கள், வாரம் மூன்று இரவாவது அவர் நிம்மதியாகத் தூங்கட்டும்.

மேடை நேரத்தையும் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரை அழைத்து, சால்வை போர்த்தி, படமெடுத்து அனுப்ப நாற்பது நொடி ஆகும். அறுபது பேர் என்றால் நாற்பது நிமிடம். அதற்குமேல் இரண்டு சிறு உரைகள் போதும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வைத்தால் தினக்கூலிக்குப் போகிறவருக்கும் ஒரு நாள் சம்பளம் போகாது. மேடை ஏற விருப்பமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். விழா அன்று நாற்காலி போட, சாப்பாடு பரிமாற வேறு ஆட்களை ஏற்பாடு செய்யுங்கள். ஆண்டு முழுக்க உழைத்த தொண்டர், தன் பெயர் வாசிக்கப்படும் நேரத்தில் பின்கட்டில் சாம்பார் வாளியோடு நிற்பது நம் விழாக்களில் வழக்கமாகிவிட்டது.

சுவீடனில், ஒருவர் தந்த ரத்தம் நோயாளிக்குச் செலுத்தப்பட அனுப்பப்பட்டதும் அவர் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி போகிறது. நோயாளி யார் என்று சொல்வதில்லை, பயன்பட்டது என்று மட்டும் சொல்கிறார்கள். நம் ரத்த வங்கிகளிலும் ஒவ்வொரு பைக்கும் ஓர் எண் இருக்கிறது, அது எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்ற பதிவும் இருக்கிறது. உங்கள் ஊர் அமைப்பு மாதம் ஒருமுறை ரத்த வங்கி அலுவலரிடம் பேசி, முகாமில் தந்தவர்களில் யார் யாருடைய பை பயன்பட்டது என்ற பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். அவர் அனுமதித்தால், தேதியும் "நீங்கள் தந்தது ஒரு நோயாளிக்குச் சேர்ந்தது" என்ற ஒரு வரியும் எழுதிய அஞ்சலட்டை போதும். அதன் கீழே, அந்தக் கொடையாளர் அடுத்து எந்தத் தேதிக்குப் பிறகு கொடுக்கலாம் என்பதையும் எழுதிவிடுங்கள்.

நன்றி. வணக்கம்.